பழைய கணினியை எறிவதற்கு முன்னர்...

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த அடைமழையை மலையகத்தில் வாழும் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண்சரிவுகள் குடும்பங்களை அப்படியே விழுங்கின. மகாவலி கரை புரண்டது. எமது கெலிஓயா, கம்பளைப் பிரதேசங்களின் தாழ்நிலங்களில் வீடுகளும் கடைகளும் நீரில் மூழ்கின. இத்தனை உயிரிழப்புகளுக்கு முன்னால் ஒரு பழைய கணினியைப் பற்றி எழுதுவது எனக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. ஆயினும், அந்த வெள்ளத்தோடு போனவற்றுள் எவரது இழப்பீட்டு விண்ணப்பத்திலும் இடம்பெறாத ஒன்றும் இருக்கின்றது. அதனைப் பதிவுசெய்ய வேண்டியது ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் எனது கடமையெனக் கருதுகின்றேன்.

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியில் சிறியதோர் அச்சகம் இருக்கின்றது. அதன் உரிமையாளரை அவரது தகப்பனாரின் காலத்திலிருந்தே நான் அறிவேன். திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பற்றுச்சீட்டுப் புத்தகம் என்பனவே அவரது அன்றாடத் தொழில். ஆனால் இப்பிரதேசத்துப் பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், பள்ளிவாசல் திறப்பு விழா மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் முதல் தொகுதிகள் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரது கைகளினூடாக வெளிவந்தவை ஏராளம். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் அங்கு சென்றேன். சேற்றை வாரிக்கொண்டிருந்த அவர் என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்:

"மெஷினயும் கடதாசியயும் மேல் மாடிக்கு ஏத்திட்டோம் சேர். மேசைக்குக் கீழ இருந்த அந்தப் பழைய கொம்பியூட்டர ஒருத்தரும் நெனைக்கல்ல."

நினைக்காததற்கு அவரைக் குறைகூற முடியாது. வாடிக்கையாளர்கள் அந்தக் கணினியைக் கண்டு சிரிப்பதை நானே பலமுறை பார்த்திருக்கின்றேன். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், அதே ஆண்டில் வெளிவந்த பேஜ்மேக்கர் 7.0 பக்க வடிவமைப்பு மென்பொருள், அவற்றோடு 'பாமினி' எழுத்துரு. இம்மூன்றும்தான் அதனுள் இருந்தவை. பேஜ்மேக்கரை மேலும் மேம்படுத்துவதை அடோபி நிறுவனம் 2004இலேயே கைவிட்டது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. உற்பத்தி செய்தவர்களே கைகழுவிவிட்ட பொருளை இவர் ஏன் கட்டிக்கொண்டு அழுகின்றார் என்று கேட்போருக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இதுல உள்ளத வேற எதுலயும் தொறக்க ஏலாது."

அந்தப் பதிலில் அடங்கியுள்ள உண்மையை விளங்கிக்கொள்வதற்கு நாம் கணினிக்கும் முந்திய ஓர் இயந்திரத்திடம் செல்ல வேண்டும்.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை வடிவமைத்துத் தந்த முன்னோடி ஆர். முத்தையா, 1886இல் பிறந்த யாழ்ப்பாணத்தவர். மலாயாவில் தொழில் புரிந்த காலத்தில், ஆங்கிலக் கடிதங்கள் தட்டச்சில் பறப்பதையும் தமிழ்க் கடிதங்கள் கையெழுத்தில் ஊர்வதையும் கண்டு இம்முயற்சியில் இறங்கியவர். அவரது வடிவமைப்பின்படி ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்து நிறுவனமொன்று 'பிஜு' என்ற பெயரில் தமிழ்ப் பொறியை உற்பத்தி செய்தது. தமிழின் 247 எழுத்துக்களை நாற்பது சொச்சம் விசைகளுக்குள் அடக்குவதென்பது இலேசான காரியமன்று. நகரா விசை இதற்கு வழிசெய்தது. புள்ளிக்கான விசையைத் தட்டினால் குறி பதியும், ஆனால் உருளை நகராது. அடுத்து 'க' என்பதைத் தட்டினால் அதே இடத்தில் எழுத்து விழுந்து 'க்' ஆகிவிடும்.

தட்டச்சு வகுப்புக்குப் போனவர்கள் ய, ள, ன, க, ப என்ற நடுவரிசைப் பாடத்தை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். அந்த வரிசை தட்டச்சுப் பொறியோடு மறைந்துவிடவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. கணினி வந்தபோது தட்டச்சாளர்களின் விரல்களுக்குப் பழகிய அதே ஒழுங்கில்தான் பாமினி எழுத்துருவும் அமைந்தது. இலங்கைத் தமிழ் அச்சகங்கள் அதனை விரும்பி ஏற்றுக்கொண்டமைக்கு இது முக்கிய காரணமாகும். பின்னர் 2008இல் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கை நியமம் வந்தபோது அதில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சு மரபைத் தழுவியதே. பழைய இயந்திரம் போய்விட்டது என்கின்றோம். அதன் விசை ஒழுங்கோ இன்னும் பலரது விரல்களில் இருக்கின்றது.

ஆனால் பாமினியில் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. திரையில் நாம் 'அம்மா' என்று பார்ப்பதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமித்து வைக்கின்றது. 'தமிழ்' என்ற சொல் அதற்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு உடனிருக்கும் வரை தமிழ். அதனை நீக்கிவிட்டால் எவருக்கும் விளங்காத ஆங்கிலக் குப்பை. ஒருங்குறியில் தமிழுக்குத் தனியிடம் 1991இலேயே ஒதுக்கப்பட்டுவிட்ட போதிலும், எமது அச்சகங்கள் அதன் பின்னர் நெடுங்காலம் பாமினியையே நம்பியிருந்தன. நம்பியதில் தவறில்லை. அவர்களது மென்பொருள் அதற்கே இடமளித்தது.

ஆகவே மேசைக்குக் கீழே சேற்றில் அமிழ்ந்த அந்தப் பெட்டி ஒரு பழைய பொருள் மாத்திரமன்று. பெட்டியும் அதன் பூட்டும் சாவியும் ஒன்றாகவே அமிழ்ந்து போயின.

பழைய இயந்திரங்களை வைத்திருப்போரைப் பார்த்துச் சிரிப்பது எமது காலத்தின் பழக்கமாகிவிட்டது. சிரிப்போர் ஒரு விடயத்தை அறிந்துகொள்ள வேண்டும். வல்லரசான அமெரிக்கா தனது அணுவாயுதப் படைகளுக்கான செய்தித் தொடர்பு முறையொன்றில் 1970களின் ஐ.பி.எம். கணினியையும் எட்டு அங்குல நெகிழ்வட்டுக்களையும் பயன்படுத்தி வருவதாக 2016இல் அந்நாட்டின் கணக்காய்வு அறிக்கையொன்று தெரிவித்தது. நெகிழ்வட்டுக்கள் 2019இலேயே மாற்றப்பட்டன. தொழில்நுட்பத்தின் தாயகமெனப் போற்றப்படும் ஜப்பானில், அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்கும் ஆவணங்களை நெகிழ்வட்டு முதலியவற்றில் தரவேண்டுமென்று கூறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒழுங்குவிதிகள் நீக்கப்பட்டு முடிந்தது 2024இல்தான். அவர்களிடம் பணமில்லாமலா? வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றைத் தொட எவரும் விரும்புவதில்லை என்பதே காரணம். அச்சக உரிமையாளரும் அதையேதான் செய்தார்.

என் வீட்டிலும் இரண்டு தட்டச்சுப் பொறிகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலம், கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒலிவெட்டி. மற்றையது தமிழ், இருவர் பிடித்தாலன்றி அசையாத ரெமிங்டன். பிரதேச நிருபராக இருந்த காலத்தில் செய்திகளைக் கையால் எழுதித்தான் கொழும்புக்கு அனுப்பினேன். அன்றைய தமிழ்ப் பத்திரிகை உலகில் அதுவே வழமை. தமிழ்ப் பொறியை நான் வாங்கியது வேறொரு தேவைக்காக.

1988இல் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்த காலம் அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மக்கள் கடதாசிக் கட்டுக்களோடு காரியாலயம் காரியாலயமாக அலைந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டிலேயே பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் ஓர் அரசகரும மொழியாக்கப்பட்டிருந்தது. சட்டத்தில் தமிழ் இருந்தது, மேசையில் தமிழ்ப் பொறி இருக்கவில்லை. ஒரு காரியாலயத்தில் முதிய தொழிலாளி ஒருவரின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, தட்டச்சு செய்து கொண்டுவரும்படி கூறினார்கள். எங்கே செய்வதென்று அவர் கேட்டதற்கு, அங்கு தமிழ் மெஷின் இல்லையென்று பதில் வந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பின்னர்தான் அந்த ரெமிங்டனை இரண்டாம் கையாக வாங்கினேன். மாலை வேளைகளில் தோட்டத்து மக்களுக்குக் கடிதங்களும் விண்ணப்பங்களும் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் கார்பன் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொள்வது எனது வழக்கம். 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியபோது, பழைய கட்டிலிருந்து சில பிரதிகளை உரியவர்களுக்கோ அவர்களது பிள்ளைகளுக்கோ தேடிக் கொடுத்திருக்கின்றேன். தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் லயத்து இலக்கமும் நீல நிறத்தில் சற்று மங்கியிருந்தனவே தவிர, வாசிப்பதற்கு எவ்விதத் தடையுமிருக்கவில்லை. எந்த இயங்குதளமும் தேவைப்படவில்லை. எந்த எழுத்துருவும் தேவைப்படவில்லை. கண்ணாடி மாத்திரம் போதுமாயிருந்தது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில் அந்த ரெமிங்டன் மீண்டும் வேலைக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணினியும் கைத்தொலைபேசியும் உயிரற்றுக் கிடக்க, நான் விளக்கொளியில் ஒரு கட்டுரையை முடித்தேன். "அங்கிள், இது சார்ஜ் பண்ணத் தேவல்லையா?" என்று அப்பிள்ளை கேட்டது. சிரித்தேன். உள்ளூர சற்றுப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையை இங்கே நானே உடைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

1990களின் பிற்பகுதியில் நானும் கணினிக்கு மாறினேன். அக்காலத்தில் எழுதிய கட்டுரைகள், மலையகத்து மூத்தவர்கள் பலரோடு கண்ட நேர்காணல்களின் முழு வடிவங்கள் ஆகியவற்றை மூன்றரை அங்குல நெகிழ்வட்டுக்களில் சேமித்தேன். ஒவ்வொன்றும் 1.44 மெகாபைட் கொண்டது. பிஸ்கட் பெட்டி நிறைய அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் திகதியெழுதி ஒட்டி, அலுமாரியின் மேற்தட்டில் வைத்தேன். பத்திரமாக வைத்துவிட்டேன் என்ற நிம்மதியில் பதினைந்து ஆண்டுகள் அவற்றைத் தொடவேயில்லை. பின்னர் ஒரு தேவைக்காகத் திறந்தபோது, அவ்வட்டுக்களை வாசிக்கும் கருவி வீட்டிலிருந்த எந்தக் கணினியிலும் இல்லை. நெகிழ்வட்டு உற்பத்தியை சோனி நிறுவனமே 2011இல் நிறுத்திவிட்டிருந்தது. கண்டியில் ஒருவரிடம் கருவியைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோனால், மலைநாட்டு ஈரத்தில் பெரும்பாலான வட்டுக்களில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டுக்களில் திறந்தவை ஆறோ ஏழோதான். நேர்காணல் தந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் எவருமில்லை.

முன்பின் அறியாத தொழிலாளர்களின் கடிதங்களை நான் காப்பாற்றியிருக்கின்றேன். எனது சொந்த உழைப்பை இழந்திருக்கின்றேன். இதற்குக் காரணம் கடதாசி உயர்ந்தது, கணினி தாழ்ந்தது என்பதா? சில காலம் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். அது பிழையான முடிவு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்து சாம்பலான ஏறத்தாழ 97,000 நூல்களும் கடதாசிதான். என் வீடு மேட்டு நிலத்தில் இல்லாதிருந்தால் எனது கார்பன் பிரதிகளும் கடந்த நவம்பரில் கூழாகியிருக்கும்.

குற்றவாளி பழைய இயந்திரமுமன்று, புதிய இயந்திரமுமன்று. ஒரே பிரதிதான் குற்றவாளி. ஒரே பெட்டியில், ஒரே இடத்தில், ஒரே ஒரு கருவியால் மாத்திரம் திறக்கக்கூடியதாக வைக்கப்பட்ட எதுவும் இழப்புக்குத் தயாராக வைக்கப்பட்டதே. எமது முன்னோர் இதனை நன்கறிந்திருந்தார்கள். ஏட்டுச்சுவடி செல்லரித்துப் போகும் என்பது தெரிந்தமையாலேயே ஏடு பெயர்த்தெழுதுதலை ஒரு கடமையாகக் கொண்டிருந்தார்கள். பெயர்த்தெழுதப்பட்டவை பிழைத்தன, பூசைக்கு மாத்திரம் வைக்கப்பட்டவை பொடியாயின. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது செய்ததும் இதனையே. ஏட்டிலிருந்ததைப் பலரது கைகளுக்குரிய புத்தகமாக்கினார். அவர் ஏட்டைப் பாதுகாத்தார் என்பதைவிட ஏட்டிலிருந்ததைப் பாதுகாத்தார் என்பதே பொருத்தம்.

பழைய கணினிகளை வைத்திருக்கும் நாம் பலரும் அவற்றைப் பூசைக்கு வைத்திருக்கின்றோம். வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருக்கின்றோம். மறுபுறத்தில், வீட்டைச் சுத்தம் செய்யும் பிள்ளைகள் உள்ளே என்ன இருக்கின்றது என்று பாராமல் பழைய இரும்பு வியாபாரிக்கு எடைக்குக் கொடுத்துவிடுகின்றார்கள். இரண்டும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்பதே எனது கருத்து.

எனவே அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூற விரும்புகின்றேன்.

பழைய கணினி இன்னும் இயங்குமானால், அது இயங்கும்போதே வேலையை முடியுங்கள். பேஜ்மேக்கர் கோப்புக்களை அக்கணினியிலேயே திறந்து பீ.டி.எப். ஆக மாற்றுங்கள். மூலக் கோப்பையும் பிரதிசெய்யுங்கள், கூடவே எழுத்துருக் கோப்பையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றுவது இன்று கடினமன்று. ஜேர்மனியில் வாழும் எம்மவரான சுரதா யாழ்வாணன் இதற்கான மாற்றியைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கின்றார்.

கணினி இயங்காவிட்டாலும் எறிந்துவிடாதீர்கள். பெட்டி பழுதானாலும் உள்ளிருக்கும் வன்தட்டு நல்ல நிலையில் இருக்கக்கூடும். அதனைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்புக் கருவியொன்றின் மூலம் வேறொரு கணினியில் வாசிக்கலாம். வெள்ளத்தில் நனைந்த கணினியாயின் ஒருபோதும் மின்சாரத்தில் இணைத்துப் பரிசோதிக்க வேண்டாம். உள்ளே ஈரமிருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் இருந்ததும் போய்விடும். விடயமறிந்த ஒருவரிடம் அப்படியே ஒப்படையுங்கள்.

மூன்றாவது, எடுத்த பிரதிகளை ஒரே இடத்தில் வையாதீர்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று பொதுவிடத்தில். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் திரட்டிப் பாதுகாத்து வருகின்றது. ஒரு சிற்றூர்ப் பாடசாலையின் மலரை யார் தேடப்போகின்றார்கள் என்று எண்ண வேண்டாம். அப்பாடசாலைக்குப் பத்து மைல் தொலைவிலிருந்து நடந்து வந்து படிப்பித்த ஆசிரியரின் பெயர் வேறெந்த வரலாற்று நூலிலும் அச்சாகியிருக்காது.

பள்ளிவாசல் நிருவாக சபைகளுக்கும் ஆலய பரிபாலன சபைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலர் வெளியிடுவதற்கு நிதி திரட்டுகின்றீர்கள், வெளியீட்டு விழாவுக்குப் பிரமுகர்களை அழைக்கின்றீர்கள். அச்சகத்திடமிருந்து அதன் கோப்பைக் கேட்டு வாங்கி வைத்த சபை எத்தனை? எனக்குத் தெரிந்து மிகச் சிலவே. பத்தாண்டு கழித்து அடுத்த மலர் போடும்போது, "பழையதில ஒண்டு எங்கயாவது இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிவதே வழமையாகிவிட்டது.

இப்போது நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றோம். அச்சகத்தின் வன்தட்டைக் கண்டியிலுள்ள திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தோம். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, அது சுழலவில்லை என்று திருப்பித் தந்தார். அதற்குமேல் கொழும்புக்குக் கொண்டுசென்று செலவழிக்கும் வசதி, மின்மோட்டாரையே புதிதாக வாங்க வேண்டிய நிலையிலிருந்த உரிமையாளருக்கு இருக்கவில்லை. ஆகவே அவரும் நானும் ஒரு பட்டியல் எழுதினோம். நினைவிலிருந்தும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் நனைந்த அடிக்கட்டைகளிலிருந்தும் எழுதிய பட்டியல். அவர் அச்சிட்ட மலர்களும் நூல்களுமாக அறுபத்து மூன்று தலைப்புக்கள் தேறின. அவற்றுள் இதுவரை பதினெட்டின் அச்சுப் பிரதிகள் கிடைத்துள்ளன. சில அலுமாரிகளின் அடித்தட்டில் இருந்தன. ஒன்று ஒரு வீட்டில் ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுக்கப்பட்டிருந்தது. கிடைத்தவற்றைப் படமெடுத்து மூன்று இடங்களில் சேமித்திருக்கின்றோம்.

மிகுதி நாற்பத்தைந்தும் கெலிஓயா, தவுலகல, வெலிகல்ல, கம்பளை ஆகிய ஊர்களில் எங்கோ ஒரு வீட்டில் இருக்கக்கூடும். இவ்வூர்களைச் சேர்ந்தவர்கள், வெளிநாட்டில் வாழ்பவர்கள் உட்பட, தமது பாடசாலையின் அல்லது பள்ளிவாசலின், கோயிலின் பழைய மலர் ஏதும் வீட்டிலிருந்தால் அருள்கூர்ந்து அறியத் தாருங்கள். புத்தகத்தை நாங்கள் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் தந்தால் போதும். படமெடுத்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவோம்.